25,000 டாலருக்குள் முதல் மசில் கார்: எதைத் தேர்ந்தெடுப்பது?

1971இல் தயாரான பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் வகை) ஒன்று, 2014இல் சியாட்டிலில் மீக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, அமெரிக்காவின் பழைய மசில் கார்கள் (நடுத்தர உடலில் பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்) அனைத்துமே செல்வந்தர்களின் சேகரிப்புக்கு உரியவை என்று ஒதுங்கிவிடுவோர் பலர். ஆனால் ஏலத்தில் பேசப்படும் அரிய கார்களைத் தயாரித்த அதே தொழிற்சாலைகள், அதே ஆண்டுகளில், பெரும்பாலும் அதே அடித்தளத்தின்மீது, சாதாரணக் குடும்பங்களுக்கான கார்களையும் லட்சக்கணக்கில் தயாரித்தன. அவற்றுள் ஏராளமானவை இன்னும் சாலையில் இருக்கின்றன. முதன்முறையாகப் பழைய கார் வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

இந்த ஒப்பீட்டுக்கு மொத்தச் செலவாக 25,000 டாலரை வைத்துக்கொள்வோம். அதில் வண்டியின் விலைக்கு 18,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. மீதியை முதல் ஆண்டிலேயே வண்டி கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த வரம்புக்குள் நேர்மையாகத் தேடக்கூடியவை என்று நான் கருதுபவை ஐந்து: 1965–66 ஃபோர்டு மஸ்டாங், 1967–68 மெர்குரி கூகர், 1968–72 செவ்ரோலே நோவா, 1970–74 பிளிமத் டஸ்டர், 1968–72 ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். இவற்றின் புகழ்பெற்ற உயர்வகைகள் அல்ல, எளிய V8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வகைகளே இந்தத் தொகைக்குள் வரும்.

இலக்கணச் சுத்தமாகப் பார்த்தால் இந்த ஐந்தில் மசில் கார் என்னும் பெயருக்கு மிக நெருங்கிய உறவு கட்லஸ் ஒன்றுக்குத்தான் உண்டு. நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கியூபிக் இன்ச் கொள்ளளவுக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த கட்டுப்பாட்டை, 1964இல் பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டு கடந்தார்கள். 389 கியூபிக் இன்ச் எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காருக்கான விருப்பத் தொகுப்பாக விற்றார்கள், அதுவே ஜிடிஓ. நடுத்தர உடலில் பெரிய எஞ்சின் என்ற அந்தச் சூத்திரத்தின்படி, மஸ்டாங்கும் கூகரும் போனி கார்கள், அதாவது நீண்ட முன்பகுதியும் குட்டையான பின்பகுதியும் கொண்ட, மசில் கார்களைவிடச் சிறிய கார்கள். நோவாவும் டஸ்டரும் சிறு கார்கள். ஆயினும் இன்றைய சந்தையிலும் கார் விழாக்களிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் இவை எல்லாம் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. பணம் குறைவாக இருப்பவர் இந்த வகைப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதே நல்லது.

விளம்பரங்களில் வரும் குதிரைத்திறன் எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 1970 நோவாவின் வேக வகையான எஸ்எஸ் காரின் 350 கியூபிக் இன்ச் எஞ்சினுக்கு 300 குதிரைத்திறன் என்று நிறுவனம் குறிப்பிட்டது, 1971இல் அது 270 ஆயிற்று, 1972இல் 200. இவற்றுள் முதல் இறக்கம் உண்மையானது: ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப அழுத்த விகிதத்தைக் குறைத்ததால் வந்தது. இரண்டாவது இறக்கத்தின் பெரும்பகுதி அளவீட்டு முறை மாறியதால் வந்தது. அதுவரை காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற துணைக்கருவிகள் இல்லாமல் வெறும் எஞ்சினை மேடையில் வைத்து அளந்தவர்கள், 1972 முதல் அவற்றைப் பொருத்தி, காரில் இருப்பதுபோலவே அளக்கத் தொடங்கினார்கள். எனவே 1972 காரை 'சக்தி பாதியாகிவிட்ட கார்' என்று ஒதுக்குவது தவறு. அந்தத் தவறான எண்ணத்தால் விலை சற்றுத் தாழ்ந்திருக்கும் கார் வாங்குபவருக்கு லாபமே.

எஞ்சினுக்கு முன் தகடு

ஐந்து கார்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றால், நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இரண்டு கேள்விகள்: உடல் துருப்பிடிக்காமல் இருக்கிறதா, கெட்டுப்போன பாகத்துக்கு மாற்றுப்பாகம் எளிதில் கிடைக்கிறதா. எஞ்சினின் சக்தி, முகப்பில் இருக்கும் சின்னம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதற்குக் காரணம் செலவின் தன்மை. ஒரு எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவோ, முழுமையாகப் பொருத்தி வரும் புது எஞ்சினை வாங்கவோ எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே விசாரித்து அறியலாம். அந்தத் தொகை பெரிதாக மாறாது. துருவின் செலவுக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. தரைத்தகட்டை மாற்றலாம் என்று வெட்டத் தொடங்கினால், அதைத் தாங்கும் சட்டமும் அரித்திருப்பது தெரியும். சட்டத்தைத் தொட்டால் அடுத்த இணைப்பும் உதிரும். டிங்கரிங்கும் பெயின்டிங்கும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டுவது மிகச் சாதாரணம், அது வண்டியின் பாதி விலைக்கும் மேல்.

பளபளப்பான புது வண்ணம் பூசிய காரைக் கண்டு முதலில் மகிழ்வதைவிட, முதலில் சந்தேகப்படுவதே பாதுகாப்பு. தகட்டுக்கு மேல் பட்டி பார்த்து மறைத்த இடங்களில் காந்தம் ஒட்டாது. துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைப் பின்சக்கர வளைவுகளின் கீழ்ப்பகுதியிலும் கதவுகளின் அடிவிளிம்பிலும் ஓட்டிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவரும். மிதியடிகளைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். டிக்கியின் ஓரங்களில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். கூரையில் வினைல் உறை போட்ட கார் என்றால், பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். உறைக்குள் தேங்கிய நீர் அந்த இடத்தை அரித்துவிடும்.

மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அங்கே பிழைத்த கார்களின் அடிப்பகுதி பெரும்பாலும் ஒருமுறையாவது வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியாவின் உள்நாட்டுப் பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் கார்களில் வெயிலால் டாஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பர் இற்றிருக்கும், வண்ணம் வெளுத்திருக்கும். அவை அனைத்தும் பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் தபாலில் வந்து சேரும் பொருள்கள். வண்ணம் வெளுத்த அரிசோனா காரைப் பளபளக்கும் ஒஹாயோ காருக்கு மேலாக வைக்க நான் ஒரு கணமும் தயங்க மாட்டேன். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் செலவும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

மஸ்டாங்: எல்லாம் கிடைக்கும், எல்லோரிடமும் இருக்கும்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் தொடக்க விலையோடு அறிமுகமான மஸ்டாங், 1966 மாடல் ஆண்டில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் விற்றது. முதல் பழைய கார் வாங்குபவருக்கு இந்த எண்ணிக்கையே மிகப் பெரிய பாதுகாப்பு. கதவுக் கைப்பிடி முதல் முழுத் தரைத்தகடு வரை இந்தக் காருக்குப் புதிதாகத் தயாராகாத பாகமே அரிது. முழு உடலையே புதுத் தகட்டில் செய்து விற்கிறார்கள். செய்முறைக் கையேடுகளும் காணொளிகளும் அனுபவசாலிகளும் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். எஞ்சினுக்கும் பக்கச்சுவருக்கும் இடையே கை நுழைய இடமிருப்பதால், ஸ்பேனர் பிடித்துப் பழகாதவரும் இதில் பழகலாம்.

தேட வேண்டியது 289 கியூபிக் இன்ச் V8 பொருத்திய ஹார்ட்டாப் (நிலையான கூரை, பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத வகை). ஃபாஸ்ட்பேக் (கூரை பின்முனை வரை சரிந்து இறங்கும் வகை), கன்வெர்ட்டிபிள் இரண்டும் நம் வரம்பைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்ணான வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: 'டி' என்றால் ஆறு சிலிண்டர், 'சி' என்றால் இரண்டு குழல் கார்ப்புரேட்டர் கொண்ட 289, 'ஏ' என்றால் நான்கு குழல் கொண்ட 225 குதிரைத்திறன் 289, 'கே' என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அரிய வகை. ஆறு சிலிண்டர் காராகப் பிறந்து, பின்னாளில் V8 பொருத்தப்பட்டவை சந்தையில் நிறைய உண்டு. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. பிரேக், ஸ்பிரிங், பின்அச்சு, சக்கரங்களின் மையப்பகுதி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சக்கரத்தில் ஐந்துக்குப் பதில் நான்கு போல்ட் இருந்தால், அந்த வேலையை யாரோ அரைகுறையாகச் செய்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் காரின் பெரும்பலவீனம் முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே வரும் பெட்டிபோன்ற பகுதி. அதற்குள் இலைதழையும் ஈரமும் தேங்கி, உட்புற வளையம் துருப்பிடித்து, மழைநீர் நேராகக் காலடிக்கு ஒழுகும். வாங்குவதற்கு முன் விற்பவரின் அனுமதியோடு ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தரை நனைந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து எடுத்துச் செய்ய வேண்டிய பழுது காத்திருக்கிறது என்று பொருள். பாகத்தின் விலை சொற்பம். கூலிதான் கழுத்தைப் பிடிக்கும்.

பாதுகாப்பிலும் இரண்டு குறைகள் உண்டு. 1966 வரை வந்த மஸ்டாங்கில் பிரேக் திரவத்துக்கு ஒரே அறைதான். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவது முதல் மாதத்திலேயே முடிய வேண்டிய வேலை. அடுத்து, பெட்ரோல் தொட்டியின் மேற்பரப்பே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின்இருக்கைக்கும் நடுவே வலுவான இரும்புத் தடுப்பு எதுவும் கிடையாது. அதற்கென விற்கும் இரும்புத் தகட்டைப் பொருத்தாமல் பிள்ளைகளைப் பின்இருக்கையில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

கூகர்: அதே எலும்பு, குறைந்த கூட்டம்

மஸ்டாங்கின் அச்சிடை நீளம் 108 அங்குலம்; அதை மூன்று அங்குலம் நீட்டி, உட்புறத்தை உயர்தரமாக்கி, மறைந்திருந்து திறக்கும் முன்விளக்குகளோடு மெர்குரி பிரிவு 1967இல் கொண்டுவந்த கார் கூகர். மோட்டார் டிரெண்ட் இதழ் அந்த ஆண்டின் சிறந்த காராக இதைத் தேர்ந்தெடுத்தது. பெயரளவில் மஸ்டாங்கின் நிழலில் நின்றுவிட்டதால், ஒரே தரத்தில் இருக்கும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கூகரின் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

முதல் கார் வாங்குபவருக்கு இதில் இருக்கும் அனுகூலங்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 1967–68 கூகர் V8 எஞ்சினோடு மட்டுமே வந்தது. ஆறு சிலிண்டர் காரை V8 என்று மாற்றி விற்கும் ஏமாற்றுக்கு இங்கே வழியில்லை. 1967 முதல் இரட்டை அறை பிரேக் வந்துவிட்டது. மூன்றாவது அனுகூலம் ஆவணம். ஃபோர்டு நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டிலிருந்தான உற்பத்திப் பதிவேடுகளைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற மார்ட்டி நிறுவனம், வின் எண்ணைக் கொடுத்துச் சிறு கட்டணம் கட்டினால், அந்தக் கார் எந்த எஞ்சின், எந்த நிறம், எந்த அச்சு விகிதத்தோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று அறிக்கை தந்துவிடும். 1965–66 மஸ்டாங்குக்கு இந்த வசதி இல்லை. நேரில் பார்க்கப் பயணம் கிளம்புவதற்கு முன்பே விற்பவரின் சொல்லைச் சரிபார்த்துவிடலாம் என்பது, தொலைவிலிருந்து வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி.

எஞ்சின், கியர்பெட்டி, சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவற்றின் பாகங்கள் பெரும்பாலும் மஸ்டாங்குக்கும் பொதுவானவை. கூகருக்கே உரிய பாகங்களில்தான் சிக்கல்: முன்பக்கக் கம்பிவலை, விளக்கு மூடிகள், பக்கத் தகடுகள், உட்புற அலங்காரம். இவை மஸ்டாங் பாகங்கள்போல எங்கும் கிடைப்பதில்லை. கூகருக்கென்றே இயங்கும் சில விற்பனையாளர்களிடம் பழைய பாகமாகவோ, வரம்புக்குட்பட்ட மறுதயாரிப்பாகவோதான் பெற வேண்டும். எனவே இயந்திரம் களைத்திருந்தாலும் வெளிப்பாகங்கள் முழுமையாக இருக்கும் கூகரை எடுக்கலாம். எஞ்சின் பாட்டுப் பாடினாலும் முகப்பு உடைந்திருக்கும் கூகரை விட்டுவிடலாம். முன்விளக்கு மூடிகளைத் திறப்பது எஞ்சினின் வெற்றிட இழுப்பு; ரப்பர் குழாய்கள் கசிந்தால் ஒரு கண் திறந்து மறு கண் மூடி நிற்கும். குழாய்களை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், மின்மோட்டார் மாற்றுத் தொகுப்பும் உண்டு. பின்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எரியும் திருப்ப விளக்குகளுக்குப் பழைய சுழல்பொறிக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் அமைப்பு கிடைக்கிறது. இவற்றைக் குறை என்று சொல்வதற்கில்லை. அந்த விளக்குகள் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே இந்தக் காரை விரும்பலாம்.

கண்ணாடிக்குக் கீழே ஒழுகும் நோயும் டிக்கித் தரையாக அமைந்த பெட்ரோல் தொட்டியும் இதற்கும் உண்டு. தண்ணீர்ச் சோதனையைக் கூகரிலும் தவறாமல் செய்ய வேண்டும்.

நோவா

இயந்திர அளவில் பார்த்தால் ஐந்தில் மிகச் சுலபமான கார் இது. 1955இல் பிறந்த செவ்ரோலேயின் சிறு V8 குடும்பத்தைப்போல உதிரிப்பாகம் மலிந்த எஞ்சின் உலகில் வேறில்லை. 350 எஞ்சினைத் தெரியாத மெக்கானிக்கை அமெரிக்காவில் காண்பது கடினம். முன்பக்கத்தைத் தாங்கும் தனிச்சட்டமும் சஸ்பென்ஷனும் செவ்ரோலேயின் 1967–69 கமாரோவோடு பொதுவானவை என்பதால், கமாரோவுக்காகத் தயாராகும் எண்ணற்ற மேம்பாட்டுப் பாகங்கள் இதிலும் பொருந்தும்.

ஆனால் இந்த நற்குணமே இதற்குக் கேடாகவும் முடிந்தது. மலிவாகவும் எடை குறைவாகவும் இருந்ததால் நோவாக்கள் பல பத்தாண்டுகள் கால்மைல் பந்தயத்துக்குப் போயின. சக்கர வளைவுகளை வெட்டியவை, மின்கம்பிகளை அறுத்து ஒட்டியவை, தரையில் புதுக் குறுக்குச்சட்டம் பற்றவைத்தவை எனப் பலவகை உண்டு. யாரும் கைவைக்காத நோவா கிடைப்பது அரிது. கிடைத்தால் பந்தயக்காரர்களோடும் விலையில் போட்டியிட வேண்டும். எஸ்எஸ் சின்னத்துக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வின் எண் எஸ்எஸ் என்பதைக் காட்டாது. 1971 வரை 113 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 114 என்று தொடங்கினால் V8 என்பதோடு அதன் சாட்சியம் முடிகிறது. அமெரிக்காவில் விற்ற செவ்ரோலேக்களுக்கு மார்ட்டி அறிக்கை போன்ற மையப் பதிவேடும் இல்லை. சின்னங்களோ எந்தக் கடையிலும் சில டாலருக்குக் கிடைப்பவை.

டஸ்டர்: ஓட்டுவதற்காகவே பிறந்தது

வேலியன்ட் என்ற எளிய குடும்பக் காரின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்பாதிக்குப் புதுவடிவம் கொடுத்து 1970இல் பிளிமத் வெளியிட்ட டஸ்டர், முதல் ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. 275 குதிரைத்திறன் கொண்ட 340 எஞ்சினோடு வந்த வகையின் தொடக்க விலை அன்று 2,547 டாலர். கொடுத்த காசுக்கு வேகம் என்ற கணக்கில் அந்த ஆண்டு அதை மிஞ்சிய கார்கள் மிகச் சில. இன்று 340 வகை நம் வரம்புக்குள் நல்ல நிலையில் கிடைப்பது கடினம். வின் எண்ணின் ஐந்தாம் எழுத்து 'ஹெச்' என்று இருந்தால் மட்டுமே அது பிறவி 340. 'ஜி' என்றால் 318.

நாம் தேட வேண்டியதும் அந்த 318தான். அதன் எஞ்சின் சக்திக்குப் பெயர் பெற்றதன்று, சாகாமைக்குப் பெயர் பெற்றது. 340, 360 இரண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பின்னாளில் கைக்காசு சேரும்போது பெரிய எஞ்சினை எளிதாகப் பொருத்திக்கொள்ளலாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகளைக் கொண்ட சஸ்பென்ஷன் வளைவுகளில் உறுதியாக நிற்கும்; காரின் உயரத்தை ஒரு போல்ட்டைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். ஓட்டும் இன்பத்தை மட்டும் கணக்கிட்டால் ஐந்திலும் இதற்கே முதலிடம் தருவேன்.

எனினும் இது பழுதுபார்க்கப் பழகியவரின் கார். காரின் மின்சாரம் முழுவதும் எஞ்சின் தடுப்புச்சுவரில் உள்ள ஒரு பிளாஸ்டிக் இணைப்பின் வழியாகச் சென்று, டாஷ்போர்டின் ஆம்மீட்டரைச் சுற்றித் திரும்புகிறது. ஐம்பது ஆண்டு கழித்து அந்த இணைப்பு சூடேறி உருகுவது இவ்வகைக் கார்களின் தெரிந்த நோய். வாங்கிய உடன் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்து, மின்னோட்டத்துக்கு மாற்றுவழி அமைக்க வேண்டும். பற்றவைப்புக்கான பேலஸ்ட் மின்தடை முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகும் என்பதால் ஒன்று எப்போதும் காரிலேயே இருக்க வேண்டும். 1970 கார்களில் ஓட்டுநர் பக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். தெரியாமல் பலமாகத் திருகி உடைத்தவர்கள் உண்டு. 1972 வரையிலான எளிய வகைகளில் சக்கரத்தின் போல்ட் இடைவெளி சிறியது, பொருந்தும் வீல்கள் குறைவு. 1973 முதல் வந்த பெரிய டிஸ்க் பிரேக் அமைப்பு இந்தக் குறையை நீக்கியது. ஆகவே 1973–74 டஸ்டர் என்றால் பம்பர் சற்றுப் பருமனாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். முறுக்குக் கம்பிகள் பின்முனையில் பொருந்தும் குறுக்குச்சட்டம் துருப்பிடித்திருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

உட்புறப் பாகங்களும் அலங்காரப் பட்டைகளும் கிடைக்கும், ஆனால் மஸ்டாங் விலையில் கிடைக்காது.

கட்லஸ்: குடும்பத்தோடு போக

ஜிடிஓ, செவ்ரோலேயின் செவெல் ஆகியவற்றின் அதே அடிச்சட்டத்தின்மீது நிற்கும் கட்லஸ், செவெலைப்போல் பரபரப்பாக விலையேறவில்லை. 350 எஞ்சின் கொண்ட 1970–72 கட்லஸ் சுப்ரீம் இரண்டு கதவு ஹார்ட்டாப், நான்கு பெரியவர்கள் வசதியாக உட்காரக்கூடிய, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் களைப்பின்றி ஓட்டக்கூடிய கார். தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தியவை நிறைய கிடைக்கின்றன. டெக்சஸ் கோடையில் இது சிறிய விஷயமல்ல. தனிச்சட்டத்தின்மீது உடல் அமர்ந்திருப்பதால் சாலையின் அதிர்வு உள்ளே குறைவாகவே வரும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை அறியாமல் ஏமாறுவோர் உண்டு. அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு பிரிவும் தனக்கென எஞ்சின் வடிவமைத்தது. செவ்ரோலே 350, ஓல்ட்ஸ்மொபைல் 350, பியூக் 350, பாண்டியாக் 350 நான்கும் எண்ணளவில் ஒன்று. உள்ளே நான்கும் வேறு வேறு. செவ்ரோலே பாகம் இதில் பொருந்தாது, ஓல்ட்ஸ்மொபைலுக்கான மேம்பாட்டுப் பாகங்களின் விலையும் கூடுதல். ஆனால் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் போன்றவை செவெலோடு பொதுவானவை, தடையின்றிக் கிடைக்கும். எஞ்சினைப் பெரிதாக மாற்றும் எண்ணம் இல்லாதவருக்கு இது குறையே அல்ல. அந்த ராக்கெட் 350 கீழ்வேகத்தில் தரும் இழுவை நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் போதும்.

பின்அச்சுக்கு மேல் அடிச்சட்டம் வளைந்து ஏறும் இடத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். மந்தமான ஒலி வந்தால் சட்டம் உள்ளிருந்து அரித்திருக்கிறது. பெரும்பாலான சுப்ரீம் கார்களில் வினைல் கூரை இருக்கும் என்பதால் பின்கண்ணாடி விளிம்பைப் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். கட்லஸின் வேக வகையான 442 என்று விற்கும் கார் என்றால் வின் எண் 344 என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 1968 முதல் 1971 வரை அது தனி மாடல்.

வேறு சிலவற்றையும் பரிந்துரைப்பார்கள். எழுபதுகளின் பிற்பகுதிக் கமாரோவும் ஃபயர்பேர்டும் தோற்றத்தில் அழகானவை. ஆனால் கமாரோவின் வேக வகையாக 1977இல் திரும்பி வந்த இசட்28 காருக்கே 170 குதிரைத்திறன்தான். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்கு மட்டுமே புகைச் சோதனையிலிருந்து விலக்கு என்பதால், அங்கே வசிப்பவருக்கு இவை ஓயாத தொல்லை. ஏஎம்சி ஜாவலின் மீது எனக்குப் பேரன்பு உண்டு, எனினும் ஒரு பக்கத் தகட்டுக்காக மாதக்கணக்கில் தேட வேண்டிய காரை முதல் காராக யாருக்கும் சொல்ல மாட்டேன். 1987–93 மஸ்டாங் 5.0 மிகச் சிறந்த வண்டி. அது வேறொரு தலைமுறையின் கார், வேறொரு கட்டுரைக்கு உரியது.

மீதி 7,000 டாலர்

எந்தக் காரை எடுத்தாலும் மீதிப்பணம் போகும் வழி ஏறக்குறைய ஒன்றே. வரி, பதிவு, லாரிக் கூலி போக, முதலில் பிரேக். முன்சக்கரங்களில் டிரம் இருந்தால் டிஸ்க் மாற்றுத் தொகுப்பு. அடுத்து டயர்: பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் வாரத்தையும் ஆண்டையும் காட்டும், பத்தாண்டு கடந்த டயரை அன்றே தூக்கியெறிய வேண்டும். பிறகு பெட்ரோல் குழாய்கள், ஏனெனில் இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பரை இளக்கிவிடும். பிறகு ரேடியேட்டர், தோள்பட்டை சீட்பெல்ட். முன்இருக்கைகளுக்குத் தோள்பட்டை பெல்ட் கட்டாயமானது 1968 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும்.

காப்பீட்டை வழக்கமான கார்க் காப்பீட்டோடு சேர்க்காமல், ஹேகர்ட்டி போன்ற பழைய கார் காப்பீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் எடுக்க வேண்டும். பிரீமியம் குறைவு, ஆனால் பூட்டிய கராஜும் அன்றாடப் பயணத்துக்கு வேறொரு காரும் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஹேகர்ட்டியின் விலைப்பட்டியலில் ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்திருப்பார்கள். நாம் தேட வேண்டியது மூன்றாம் தரம்: குறைகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நன்றாக ஓடும். நான்காம் தரத்தை மலிவு என்று வாங்கி மூன்றாக உயர்த்த ஆகும் செலவு, இரண்டின் விலை வித்தியாசத்தைவிட எப்போதும் பெரிது. டைட்டிலில் (வண்டியின் உரிமைச் சான்றில்) உள்ள வின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஓர் இலக்கம் மாறினாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கையால் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் சிறிய கராஜும் உள்ளவருக்கு மஸ்டாங் தவறாது. மனைவி, கணவர், பிள்ளைகள் என எல்லோரும் ஏறி ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு மைல் போய்வர விரும்பும் வீட்டுக்குக் கட்லஸ். மின்கம்பிக்கு அஞ்சாதவர், வளைவான மலைச்சாலையை விரும்புபவர் டஸ்டரை எடுக்கலாம். நோவாவை, தெரிந்தவர் ஒருவர் கைமாற்றித் தந்தால் ஒழிய, இந்தத் தொகைக்குத் தேடி அலைய மாட்டேன்.

பொதுவாக ஒன்றைச் சொல் என்று யாரேனும் கேட்டால் என் பதில் கூகர்: 1967 அல்லது 1968, இரண்டு குழல் 289 அல்லது 302, தானியங்கி கியர், வறண்ட மாநிலத்துக் கார், வினைல் கூரை இல்லாதது, முகப்புக் கம்பிவலையில் ஒரு கம்பியும் உடையாதது. முதலில் மார்ட்டி அறிக்கையை வரவழைத்துவிட்டு, பிறகு ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு காந்தத்துக்கும் விற்பவரின் சம்மதத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும். தயங்கினால் அடுத்த விளம்பரத்தைப் பார்க்கலாம். 1967இல் மட்டும் ஒன்றரை லட்சம் கூகர்கள் விற்றன.